சுவரும் சட்டகமும்: கண்டி ஓவியனின் அன்றாட வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. உடல்நலத்தின் இன்றியமையாமையை உணர்த்த விரும்புவோர் இதனை எடுத்தாளுவர். ஆயின், கண்டிப் பிரதேசத்தின் ஓவிய வரலாற்றை அறியப் புகும் ஒருவனுக்கு இப்பழமொழி உவமையாகவன்றி நேர்ப்பொருளிலேயே உண்மையாகிவிடுகின்றது. ஓவியனுக்கு முதலில் ஒரு சுவர் வேண்டும். அச்சுவரில் அவன் எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் அவனுக்கும் அவனை நம்பியிருப்போருக்கும் சோறு வேண்டும். சுவரைக் கொடுத்தவர் யார், சோற்றைக் கொடுத்தவர் யார் என்னும் இவ்விரு வினாக்களுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளே கண்டி ஓவியத்தின் போக்கை நிர்ணயித்தன. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மன்னர்களின் பெயர்களையும் விகாரைகளின் பெயர்களையும் வரிசைப்படுத்துவர். அல்லது கோடு, வண்ணம், பாணி ஆகியவற்றை ஆராய்வர். இரண்டும் வேண்டியனவே. எனினும், காலையில் எழுந்து வண்ணம் அரைத்து, மாலையில் தூரிகையைக் கழுவி வைத்த மனிதனை அவ்வாராய்ச்சிகளில் நாம் அரிதாகவே சந்திக்கின்றோம். ஈண்டு அவனையே நடுவில் வைத்து நோக்குவோம்.

தெகல்தொறுவைக் குகையில்

பேராதனையில் பயில்வோருக்கு ஒரு பேறு உண்டு. நம் வகுப்பறைகளில் இருந்து சில மைல் தொலைவுக்குள்ளேயே பல நூற்றாண்டுக் கலைச்செல்வங்கள் பரந்து கிடக்கின்றன. கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்றும் ஒரு பகற்பொழுதில் நடந்தே பார்த்துவிடக் கூடியவை. அவற்றுள் கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டில் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரியின் தலைமையில் எழுந்தது. இலங்காதிலகத்தின் பாறையிலோ சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. எனவே இப்பிரதேசத்தின் கலை வரலாறு தமிழ் மாணவனுக்குப் புறம்பான ஒன்றன்று.

நான் இங்கு எடுத்துக்கொள்வது கண்டி நகரிலிருந்து லேவெல்லைப் பாலத்தால் மகாவலி கங்கையைக் கடந்து சென்றால் அடையக்கூடிய தெகல்தொறுவை விகாரையை. கற்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட இதன் திருப்பணி கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னன் காலத்தில், 1771ஆம் ஆண்டில், தொடங்கியது. 1747 முதல் 1782 வரை ஆட்சி செய்த இம்மன்னன் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபில் வந்தவன். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து உபசம்பதையை மீள நிறுவிய பௌத்த மறுமலர்ச்சி அவன் காலத்ததே. அம்மறுமலர்ச்சியின் உடன்விளைவாக விகாரைகள் பல புதுப்பிக்கப்பட்டன. ஓவியருக்குச் சுவர்கள் கிடைத்தன. தெகல்தொறுவைப் பணி அவனுடைய தம்பியான இராசாதிராச சிங்கனின் காலத்தில், 1786ஆம் ஆண்டில், நிறைவெய்தியது.

சென்ற ஆண்டு விடுமுறையொன்றில் நண்பர் இருவருடன் அங்குச் சென்றிருந்தேன். வெயிலில் இருந்து குகையின் இருளுக்குள் நுழைந்த கண்ணுக்கு முதலில் தெரிவது செந்நிறம் ஒன்றே. சிறிது நேரம் கழித்தே அச்செந்நிறத்தில் இருந்து யானையும் தேரும் மாந்தரும் மரங்களும் பிரிந்து வருகின்றன. சுவர்களில் வெசந்தர ஜாதகம், சுதசோம ஜாதகம் முதலிய கதைகள் நீண்ட பட்டிகளாக ஓடுகின்றன; மேற்கூரையில் மாரனின் படையெடுப்பு. ஒரே பட்டியில் ஒரே மாந்தன் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றான். கதை அவனோடு நடந்து செல்கின்றது. ஒளியும் நிழலும் காட்டும் முயற்சி இல்லை. தொலைவு காட்டும் முயற்சியும் இல்லை. வெற்றிடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஒரு மலர் வீழ்ந்திருக்கின்றது.

வெசந்தரன் கதையில் வரும் மரமொன்றின் இலைகளை எண்ணத் தொடங்கினேன். ஒவ்வோர் இலையும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. நூற்றைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். அது ஒரு பட்டியில் நின்ற பல மரங்களுள் ஒன்று. அப்பட்டியோ பல பட்டிகளுள் ஒன்று. இத்தனை இலைகளையும் எழுத எத்தனை நாள் சென்றிருக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இக்கட்டுரைக்கு வித்திட்டது அக்கேள்வியே.

ஓவியனின் ஒரு நாள்

அந்நாளை ஓரளவேனும் மீட்டுக் காண நமக்கு உதவுவது ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாகும். கண்டிப் பகுதியில் அன்று எஞ்சியிருந்த கைவினைஞரிடம் நேரிற் கேட்டறிந்த செய்திகள் அந்நூலில் நிறைந்துள்ளன.

சித்தரா எனப்பட்ட ஓவியனின் நாள் தூரிகையோடு தொடங்கவில்லை, அரைகல்லோடு தொடங்கியது. வெண்மைக்கு ஒருவகை வெண்களிமண், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், அன்றேல் கொறுக்காய் இனத்து மரமொன்றின் பிசின், நீலத்துக்கு அவுரி. கருமைக்கு வேண்டிய மை எளிதிற் கிடைப்பதன்று. பலாப்பாலும் கெக்குன எண்ணெயும் பிசினும் தோய்ந்த பருத்தித் துணியை எரித்து, அதன் புகைக்கரியைச் சேர்த்தெடுத்தனர். இவற்றையெல்லாம் சுவரோடு பிணைத்தது விளாம்பிசின். தூரிகைகளும் கடையில் வாங்கப்பட்டவையல்ல. நுண்கோட்டுக்கு ஒருவகைப் புல்லின் கூரும் அணில் வால் மயிரும் பயன்பட்டன. பரந்த இடங்களை நிரப்பத் தாழை விழுதின் நுனியை நைத்து நாராக்கிக் கொண்டனர். சுருங்கக் கூறின், ஓவியனின் பொருள்கள் யாவும் அவன் வாழ்ந்த காட்டிலும் தோட்டத்திலும் இருந்தோ, அயலூர்ச் சந்தையில் இருந்தோ வந்தவை.

பாறையின் மீது மண்சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய வெண்பூச்சு இட்டு, அது நன்கு உலர்ந்த பின்னரே ஓவியம் எழுதப்பட்டது. ஆசான் புறவரைகளை இட, மாணாக்கர் பின்புலத்துச் செந்நிறத்தையும் ஆடைகளின் வண்ணங்களையும் நிரப்புவர். முடிவில் மீண்டும் ஆசானின் கை நுழைந்து கருங்கோடுகளால் உருவங்களை உறுதிசெய்யும். மாணாக்கனின் கல்வியோ சிறு வயதிலேயே தொடங்கிற்று. வக தெக எனப்படும் இரட்டை வளைவை அவன் கை தயங்காது இழுக்கும்வரை அவனுக்கு வேறு பாடம் இல்லை. அவ்வொரு வளைவிலிருந்தே கொடியும் இலையும் அன்னத்தின் கழுத்தும் பிறந்தன. உருவங்களின் அளவுகளையும் அமைதிகளையும் கூறும் சாரிபுத்திரம், ரூபாவலிய ஆகிய நூல்களும் அம்மரபில் வழங்கின.

ஒரு படிமத்துக்குக் கண் எழுதும் நாள் மட்டும் ஏனைய நாள்களைப் போன்றதன்று. நல்வேளை குறித்து, பிறர் எவரும் அருகில் இல்லாத நிலையில், ஓவியன் படிமத்தை நேரே நோக்காது கண்ணாடியில் தோன்றும் சாயலை நோக்கியே கண்ணை எழுதுவான். அதுவரை மண்ணும் வண்ணமுமாய் இருந்தது அக்கணத்தில் வழிபாட்டுக்குரியதாகிவிடுகின்றது. தான் ஆக்கியதையே நேரில் நோக்க அஞ்சிய இம்மனிதன் தன்னை ஒரு படைப்பாளியாக எண்ணியிருப்பானா என்பது ஐயமே. கீழ்நாட்டு ஓவியர் பலரைப் போல அவனும் தன் பெயரைச் சுவரில் பொறிப்பதைப் பெரிதாகக் கருதவில்லை. தெகல்தொறுவை ஓவியரான தேவரகம்பொல சில்வத்தென உன்னான்சேயின் பெயர் நமக்குக் கிட்டியிருப்பது அரிய நற்பேறே எனலாம். முழுமையான உபசம்பதை பெறாத துறவியான இவர் ரிதி விகாரையிலும் பணியாற்றியவர்.

நிலமும் ஊழியமும்

இனி, இம்மனிதருக்குச் சோறிட்டவர் யார் என்பதை நோக்குவோம். கண்டி இராச்சியம் நிலமானிய அமைப்பைக் கொண்டிருந்தது. நிலத்தை அனுபவித்தவன் அதற்கு ஈடாக ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன். இவ்வூழியம் இராசகாரியம் எனப்பட்டது. உழவன் உழுதும், வண்ணான் வெளுத்தும், பறை அறைவோன் அறைந்தும் அக்கடமையைத் தீர்த்தனர். ஓவியன் எழுதித் தீர்த்தான். அரசனுக்குரிய கிராமங்களிலும் விகாரைக்குரிய கிராமங்களிலும் ஓவியக் குடும்பங்களுக்கென வயல்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. தம்புள்ளைக் குகைகளில் பணியாற்றிய நீலகம என்னும் ஊர்ப் பரம்பரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பெரும்பணி நடைபெறும் காலத்தில் ஓவியருக்கு உணவளித்தல் விகாரையின் பொறுப்பாயிருந்தது. பணி நிறைவேறியதும் துணியும் நெல்லும் மாடும், சிலவேளை புதிய நிலமும், பரிசாகக் கிடைத்தன.

ஓர் இலையை எழுதி முடிக்கும் முன் அடுத்த இலையின் விலையை அவன் கணக்கிட வேண்டியதில்லை. அவனுடைய வயல் வேறோர் இடத்தில் விளைந்துகொண்டிருந்தது. தெகல்தொறுவை மரத்தின் இலைகள் அத்தனையும் பொறுமையோடு எழுதப்பட்டிருப்பதன் இரகசியம் இதுவே என்று நான் கருதுகின்றேன். பொறுமை என்பது கலைஞனின் குணம் மட்டுமன்று. அதற்கும் ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு.

ஆயினும், இதனைக் கண்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ஓவியன் மகன் ஓவியனாகவே பிறந்தான். வேறு தொழிலை நாட அவனுக்கு வழியில்லை. சாதி அவன் கையில் தூரிகையைக் கொடுத்தது. அதே சாதி அவன் அமரக்கூடிய இருக்கையின் உயரத்தையும் அணியக்கூடிய ஆடையின் நீளத்தையும் வரையறுத்தது. கதையையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை. அதனை எழுதும் முறையையும் மரபே தீர்மானித்தது. வயிற்றுக்கு உறுதி இருந்தது. வாழ்வுக்கு விடுதலை இருக்கவில்லை.

1815க்குப் பின்

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1832இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தில் இருந்து மக்கள் விடுபட்டமை முற்போக்கான மாற்றமே. ஆனால் சீர்திருத்தத்தின் உள்நோக்கத்தில் தாராள மனப்பான்மையோடு தோட்டச் செய்கைக்கு வேண்டிய நிலத்தையும் கூலி உழைப்பையும் திறந்துவிடும் எண்ணமும் கலந்திருந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கோப்பிச் செய்கை பரவிற்று. தென்னிந்தியக் கிராமங்களில் இருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அம்மலைகளுக்கு நடந்து வந்தனர். ஒருவகைக் கட்டு அவிழ்ந்த அதே மலைகளிலே வேறொருவகைக் கட்டு இறுகியமை மனங்கொள்ளத்தக்கது.

விகாரை நிலங்களின் ஊழியம் 1832க்குப் பின்னரும் தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டின் ஊழிய நிலமானியச் சட்டம் அவ்வூழியத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தும் வழியைத் திறந்தது. நிலத்துக்கும் தூரிகைக்கும் இடையே இருந்த முடிச்சு இவ்வாறு மெல்ல அவிழ்ந்தது. ஓவியனின் பேரன் வயலை வைத்துக்கொண்டு தூரிகையைக் கைவிடலாம் என்றாயிற்று. அவன் அவ்வாறு செய்தமைக்காக அவனை நாம் குறைகூற முடியாது. மறுபுறம், விகாரைச் சுவரை அழகுசெய்ய விரும்பியோருக்கும் வேறு வழிகள் தோன்றின. பிற்காலத்தில் சார்லிஸ் மாஸ்டர் போன்றோரின் அச்சுப் படங்கள் வீடு தோறும் தொங்கின. அவற்றின் மேல்நாட்டுச் சாயல் விகாரைச் சுவர்களுக்கும் பரவிற்று.

1882இல் கண்டிக் கலைச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அழிந்துவரும் கைவினைகளைப் பேணுவது அதன் குறிக்கோள். பித்தளை வேலை, அரக்கு வேலை, நெசவு முதலியன அங்குக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைக்கப்பட்டன. கண்டி வாவிக் கரையில் அமைந்த அச்சங்கத்தின் கூடம் பல கைவினைஞருக்கு வாழ்வளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓர் அடிப்படை மாற்றம் அங்கே நிகழ்ந்துவிட்டது. பொருளைச் செய்தவனும் அதனைப் பயன்படுத்தியவனும் ஒரே ஊரவராய் இருந்த நிலை மாறி, பயணியின் பெட்டிக்குள் அடங்கக்கூடிய பொருளே செய்யத்தக்க பொருள் என்றாயிற்று. குகைச் சுவரைப் பெட்டிக்குள் வைக்க முடியாதன்றோ! ஆகவே சுவரோவியன் இப்புதிய சந்தைக்கு வெளியிலேயே நின்றான்.

குமாரசுவாமியின் பணி

இந்நிலையிலேயே ஆனந்த குமாரசுவாமி கண்டிக்கு வந்தார். 1877இல் கொழும்பில் சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணி ஒருவருக்கும் மகனாகப் பிறந்த இவர், 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் இயக்குநராயிருந்தார். கற்களைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணில் கலைகள் பட்டன. பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்று அழிவதைக் கண்டு, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை வரைந்தார். பின்னர் இங்கிலாந்திலே, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே தம் பெருநூலை அச்சிட்டார். அச்சிடப்பட்ட படிகள் 425.

தமிழ்த் தந்தையின் மகன் ஒருவர் சிங்களக் கைவினைஞரின் வாயால் அவர்தம் கலையைக் கேட்டெழுதி உலகுக்கு அளித்தமை இந்நாட்டு வரலாற்றில் நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தியாகும். எனினும், அவர் நிலமானிய அமைப்பைச் சற்று மிகையான பரிவோடு நோக்கினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். நிலம் ஓவியனுக்கு அளித்த அமைதியை அவர் கண்டார். சாதி அவனுக்கு இட்ட வேலியை அந்த அளவுக்குக் காணவில்லை.

சட்டகத்துக்குள் வந்த ஓவியம்

இருபதாம் நூற்றாண்டில் கண்டி இருபெரும் ஓவியரைக் கண்டது. இருவரும் கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். டேவிட் பெயின்றர் 1900இல் பிறந்தவர். இலண்டன் றோயல் அக்கடமியில் பயின்றவர். ஜோர்ஜ் கீற் 1901இல் கண்டியிலேயே பிறந்தவர். கலைக் கல்லூரி எதிலும் முறையாகப் பயிலாதவர்.

பெயின்றருக்குக் கண்டியில் ஒரு சுவர் கிடைத்தது. திரித்துவக் கல்லூரியின் தேவாலயம் 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் திருநிலைப்படுத்தப்பட்டது. கண்டி அரச சபா மண்டபத்தின் மரத்தூண்களைப் பின்பற்றிக் கருங்கல்லில் தூண்கள் செதுக்கப்பட்ட கட்டடம் அது. 1920களின் இறுதியில் தொடங்கி அதன் சுவர்களில் பெயின்றர் விவிலியக் காட்சிகளை எழுதினார். அங்கே கிறிஸ்து தாடியற்ற, கருநிற இளைஞர். அவரைச் சூழ்ந்துள்ள நிலமும் மரமும் இந்நாட்டின. பெயின்றரின் அன்றாட வாழ்வைத் தாங்கியது கலையாசிரியத் தொழில். பின்னர் அரசினர் நுண்கலைக் கல்லூரியின் தலைமையையும் அவர் ஏற்றார். வயலின் இடத்தைச் சம்பளம் பிடித்துக்கொண்டது எனலாம்.

கீற் அவ்வழியை நாடவில்லை. வாவிக்கரை மல்வத்தை விகாரையின் சூழலில் இளமையில் பௌத்தத்தையும் சிங்கள இலக்கியத்தையும் கற்றார். கண்டிக்கு அண்மையிலுள்ள சிறிமல்வத்தைக் கிராமத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். பிக்காசோவின் கோட்டையும் விகாரைச் சுவரின் கோட்டையும் ஒரே கண்ணால் பார்த்தவர் அவர். ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. அவருக்கும் ஒரு பெருஞ்சுவர் கிடைத்தது. ஆனால் அது கண்டியிலன்று. கொழும்பு பொறளையில் உள்ள கோதமி விகாரையில் 1939-40இல் அவர் புத்தர் வரலாற்றை எழுதினார். அங்கே நெடிய கோடுகளின் ஓட்டத்தில் தெகல்தொறுவையின் உறவை உணரலாம்.

1943இல், லயனல் வெண்ட் முன்னின்று தூண்ட, நாற்பத்துமூன்றாம் குழு கொழும்பில் உருவாயிற்று. கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், றிச்சட் கேபிரியல் முதலியோர் அதன் உறுப்பினர். பிக்குவாயிருந்து விகாரை விகாரையாகச் சென்று சுவரோவியங்களைப் படியெடுத்த மஞ்சுசிறியும் அதில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இக்குழுவின் ஓவியங்கள் 1952இல் இலண்டன் வரை சென்றன. இவ்வோவியங்கள் யாவும் சட்டகத்துக்குள் அடங்கியவை. சுவரில் மாட்டலாம், கழற்றலாம், விற்கலாம், கடல் கடந்தும் அனுப்பலாம். ஓவியன் தன் கதையைத் தானே தேர்ந்தான். தன் பெயரை மூலையில் எழுதினான். தெகல்தொறுவை ஓவியனுக்குக் கிட்டாத விடுதலை இது. ஆனால் அவனுக்கு இருந்த வயல் இவனுக்கு இல்லை. ஒரு படத்தை எழுதி முடித்ததும், அதனை வாங்குவார் உண்டோ என்று எதிர்பார்த்திருக்க வேண்டியவன் இவன். வாங்குவோரும் கண்காட்சிகளும் பெரும்பாலும் கொழும்பிலேயே இருந்தமையால், கண்டியில் எழுதப்பட்ட ஓவியம் கண்டியில் வாழவில்லை. 1993இல் தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் கீற் மறைந்ததும் கொழும்பிலேயே.

முடிவுரை

சுவரோவியம் எழுதிய ஊரிலேயே தங்கியது. அவ்வூரவர் எவரும் காசின்றிக் கண்டனர். எழுத்தறியாதவனுக்கும் அது கதை சொன்னது. ஆனால் எழுதியவன் கட்டுண்டவன். சட்டக ஓவியத்தை எழுதியவன் சுதந்திரன். ஆனால் அவன் ஓவியம் அவ்வூரவனின் கண்ணில் இருந்து அகன்றது. ஒன்றில் கலைஞனின் விடுதலை பலியாயிற்று. மற்றதில் மக்களின் உரிமை பலியாயிற்று. ஓவியனும் கட்டுண்டிராமல், ஓவியமும் மக்களைவிட்டு அகலாமல் இருக்கும் ஓர் ஏற்பாட்டைக் கண்டி இன்னும் காணவில்லை.

1998ஆம் ஆண்டு தை மாதத்தில் தலதா மாளிகையில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு உயிர்களைக் குடித்தது. மாளிகையின் முகப்பையும் சிதைத்தது. பூச்சு உதிர்ந்த சுவர்களில், பிற்காலச் சாந்தின் கீழ் மறைந்திருந்த பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. ஒருவன் எழுதியதன் மீது இன்னொருவன் எழுதிச் செல்வதே அம்மரபின் இயல்பு. அழிவின் வழியாகத்தான் அவற்றைக் காண நேர்ந்தது என்பது நம் தலைமுறையின் துயரம்.

அழிவுக்கு முன்னரே சென்று காண்பது நம் கையில் உள்ளது. நம் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒருமுறையேனும் லேவெல்லைப் பாலத்தைக் கடந்து செல்வாராக. குகைக்குள் சிறிது நேரம் பொறுமையாக நிற்பாராக. இருள் பழகிய பின், ஒரு மரத்தின் இலைகளை எண்ணத் தொடங்குவாராக. எண்ணிக்கை நூற்றைத் தாண்டும்போது, அவ்விலைகளை எழுதிய மனிதன் அன்று காலை என்ன உண்டிருப்பான் என்னும் கேள்வி தானே எழும். கலை வரலாறு அக்கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் துணிபு.